வாயில்லாப் பெட்டி

ஐம்பதைத் தொடப்போகிற மனிதரைச் சின்னவர் என்று கூப்பிடுவது நியாயமா என்று அந்தத் தெருவில் யாரும் யோசித்ததில்லை. முன்மண்டையில் முடி விடைபெற்றுப் போயாயிற்று. மகள் கல்லூரியை முடிக்கப் போகிறாள், மகனுக்கு மீசை அரும்பிவிட்டது. ஆனாலும் அவர் சின்னவர்தான். கல்லாவில் பெரியவர் என்று ஓர் அண்ணன் உட்கார்ந்திருக்கும்வரை தம்பிக்கு வயது ஏறுவதில்லை.

ஆள் வாயில்லாப் பூச்சி. ஒருமுறை முடிதிருத்துபவர் ஏதோ ஞாபகத்தில் இவருடைய மீசையில் ஒரு பக்கத்தை எடுத்துவிட்டார். எடுத்த பிறகு கண்ணாடியைப் பார்த்து அவரே பதறிப்போனார். சின்னவர் மறுபக்கத்தையும் எடுத்துவிடும்படி சைகை காட்டினார், காசைக் கொடுத்தார், மூக்குக்குக் கீழே கர்ச்சீப்பை வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். சண்டை போடப் போனவர் பெரியவர். அவர் போட்ட சத்தத்தில், பாதி சவரத்தில் இருந்த வேறொருவர் நுரையோடு எழுந்து தெருவுக்கு ஓடிவந்ததாகச் சொல்வார்கள்.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்தியது வீடியோ கேம் கடை. பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் இருந்தது. அகலம் குறைவு, நீளம் அதிகம். முன்பாதியில் குளிர்சாதனம், கண்ணாடி அலமாரி, அதற்குள் புதுப் பெட்டிகள், சுவரில் ஒரு பெரிய டிவி. அதில் எந்நேரமும் ஏதாவது ஒரு கார் எங்கேயாவது மோதிக்கொண்டிருக்கும். அது பெரியவர் பாதி. பின்பாதியில் ஒரு மின்விசிறி, ஒரு டியூப்லைட், கூரை வரைக்கும் பழைய டிஸ்க்குகள். அது சின்னவர் பாதி. கடைக்கு வருகிறவர்களும் அப்படித்தான் சொல்வார்கள். "சார், உங்க பாதியில கார் ரேஸ் புதுசா எதுவும் வந்திருக்கா?" என்று பையன்கள் கேட்டுக்கொண்டு வருவார்கள்.

பின்பாதி வியாபாரத்துக்குப் பேச்சே தேவையில்லை. அதனால்தானோ என்னவோ அது சின்னவரிடம் வந்து சேர்ந்தது. விளையாடி முடித்த டிஸ்க்கைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அவர் அதை டியூப்லைட்டுக்கு நேரே பிடிப்பார், கீறல் பார்ப்பார், வாயால் ஊதி சட்டை நுனியில் துடைப்பார். பிறகு விரலைக் காட்டுவார். அத்தனை பணத்தை மேலே போட்டுக் கொடுத்தால் அலமாரியிலிருந்து வேறொன்றை எடுத்துக்கொண்டு போகலாம். நாலு பையன்கள் சேர்ந்து ஒரு டிஸ்க் வாங்குவார்கள், வீட்டுக்கு வீடு அது சுற்றும், கடைசியில் இங்கேயே திரும்பி வரும். ஒரே டிஸ்க்கை அவர் அத்தனை முறை விற்றிருக்கிறார், அதன் கீறலைப் பார்த்தே யார் வீட்டுக்கெல்லாம் போய் வந்தது என்று சொல்லிவிடுவார், கேட்டால்.

இப்போது ஒரு ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். முன்பாதியில் மின்னியதெல்லாம் வெறும் மினுக்குத்தான். புதுப் பெட்டி ஒன்று விற்றால் கடைக்கு நிற்பது டீச்செலவு. ஏனென்றால் கம்பெனியே பெட்டியை அடக்க விலைக்கும் கீழேதான் விற்றது. பெட்டியில் விட்டதை ஒவ்வொரு ஆட்டத்திலும் கம்பெனி தனக்கென்று எடுத்துக்கொள்ளும் பங்கில் பிடித்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. இந்த நஷ்டத்தைப் பற்றிப் பெரியவருக்கு ஒரே பெருமை. பேரம் பேசுகிறவர்களிடம் "கம்பெனியே நஷ்டத்துலதான் விக்குது" என்று, ஏதோ அந்த நஷ்டத்தைத் தானே கைப்பட உண்டாக்கிய மாதிரி சொல்வார். ஆனால் இரண்டு குடும்பங்களுக்கும் சோறு போட்டது பின்பாதிதான். இது சின்னவருக்குத் தெரியும். அண்ணனுக்குத் தெரியாது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். சொல்லவும் இல்லை. அண்ணனிடம் போய் "உங்க பாதி வெறும் வெளிச்சம்" என்று எந்தத் தம்பி சொல்வான்?

அந்தக் கடையில் டிஸ்க் போடும் துவாரத்துக்கு வாய் என்று பெயர். யார் வைத்த பெயரோ, தெரு முழுக்க நிலைத்துவிட்டது. வாய் திறக்கவில்லை என்பார்கள், வாயில் மாட்டிக்கொண்டது என்பார்கள், எதைப் போட்டாலும் துப்புகிறது என்று முறையிடுவார்கள். மருத்துவமனையில் சொல்கிற மாதிரி கவலையோடுதான் சொல்வார்கள்.

இவர்கள் டீலராக இருந்தது கறுப்புப் பெட்டிக்கு. அதற்கு எதிரி வெள்ளைப் பெட்டி. கறுப்பு பயணப்பெட்டி அளவுக்கு இருக்கும், ஓட ஆரம்பித்தால் உஸ் உஸ் என்று மூச்சுவிடும், டிவி மேசையில் பூச்சாடிக்கு இடம் இருக்காது. ஆனால் உள்ளே இருக்கும் சரக்கு அபாரம். படத்தில் குதிரை ஓடினால் வியர்வை தெரியும். வெள்ளைக் கம்பெனிக்காரன் குதிரை வியர்க்கவில்லை என்றால் யார் அழப்போகிறார்கள் என்று யோசித்திருக்கிறான். உள்ளே பழைய சரக்கையே போட்டான், மூலைகளை உருட்டினான், சோப்புப்பெட்டி மாதிரி கையடக்கமாகச் செய்தான், பிடிக்கிற கன்ட்ரோலருக்கு நாலு நிறம் கொடுத்தான், விலையைக் குறைத்தான். அவன் பெட்டியில் நஷ்டமும் படவில்லை. கறுப்புப் பெட்டியின் அருமை பெருமைகளைப் பையன்கள்தான் பேசினார்கள். பர்ஸ் அம்மாக்களிடம் இருந்தது. அம்மாக்கள் வெள்ளையை வாங்கினார்கள்.

கறுப்புக் கம்பெனி விழித்துக்கொண்டது. விலையைக் குறைக்க வேண்டும், ஆனால் குதிரையின் வியர்வையில் கைவைக்கக்கூடாது. என்ன செய்யலாம் என்று மூளையைக் கசக்கிப் பிழிந்து, கடைசியில் வாயை எடுத்துவிட்டார்கள்.

ஓர் ஓட்டல் மண்டபத்தில் டீலர்களை எல்லாம் கூட்டி இதை அறிவித்தார்கள். மேடையில் இரண்டு பெட்டிகள். உள்ளே இரண்டும் ஒன்று. ஒன்றுக்கு வாய் உண்டு, மற்றதற்கு இல்லை. வாயில்லாதது நன்றாகவே விலை குறைவு, ஏறக்குறைய வெள்ளைப் பெட்டியின் விலைக்கு வந்துவிட்டது. டை கட்டிய விற்பனை அதிகாரி, வாய் இருந்திருக்க வேண்டிய இடத்தை, குழந்தையின் கன்னத்தைத் தடவுகிற மாதிரி விரலால் தடவிக் காட்டினார். இனி டிஸ்க்கே வேண்டாம், ஆட்டமெல்லாம் இணையத்தில் கம்பெனியின் கடையிலிருந்து நேரே வந்து இறங்கிவிடும், வாடிக்கையாளர் எப்போதும் நம் வீட்டுக்குள்ளேயே இருப்பார் என்றார். கைதட்டல் மண்டபத்தைப் பிளந்தது. எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவர் பெரியவர்.

பின்வரிசையில் இருந்த சின்னவர் மனசுக்குள் கணக்குப் போட்டார். வாயில்லாததை வாங்குகிறவனுக்கு அவருடைய அலமாரியால் என்ன பிரயோஜனம்? டிஸ்க் வாங்க மாட்டான், கொடுக்க மாட்டான், நாலு பேரோடு பங்கு போட மாட்டான். பெட்டியில் குறைத்த காசை, கம்பெனி ஆட்டத்துக்கு ஆட்டம், தான் வைத்ததே விலை என்று வாங்கிக்கொள்ளும். இந்தக் கடை வாயில்லாப் பெட்டியை விற்க விற்க, முன்பாதி தன் கையாலேயே பின்பாதியின் கதவைச் சாத்திக்கொண்டு வரும். அப்புறம் இரண்டு வீட்டிலும் அடுப்பு எதைக்கொண்டு எரியும்?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். மனைவியிடம் அவர் தாராளமாகப் பேசுவார். அந்த அம்மாள் முழுவதையும் கேட்டுவிட்டு, "இதை என்கிட்ட சொல்லி என்னங்க ஆகப்போகுது? உங்க அண்ணன்கிட்ட வாயைத் திறந்து சொல்லுங்க" என்றாள்.

அதுதானே முடியாத காரியம். அப்பா போனபோது பெரியவர் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு ஒரு கிடங்கில் மூட்டை தூக்கப் போனார். தம்பி படித்தான். இதைப் பெரியவர் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் சின்னவரும் ஒரு சண்டையாவது போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பார். சொல்லாமலே இருந்துவிட்டதால் அண்ணன் முன்னால் நின்றாலே அவருக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும், வார்த்தையை மென்று விழுங்குவார்.

ஆனாலும் இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஒத்திகை பார்த்தார். வாயில்லாப் பெட்டி வந்தால் கடை நெடுநாள் ஓடாது, என் பாதியில் வருகிற வருமானம் நின்றுவிடும், அதற்கு ஒரு வழி யோசித்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. குழாய்த் தண்ணீரிடம் அழகாகச் சொன்னார்.

அடுத்த வாரம் விற்பனை அதிகாரி ஆர்டர் வாங்க வந்தார். எல்லாமே வாயில்லாததாக அனுப்பிவிடுங்கள் என்று பெரியவர் சொல்லிக்கொண்டிருக்கும்போது, சின்னவர் கையில் ஒரு டிஸ்க்கோடு பின்பாதியிலிருந்து வந்து நின்றார். காது சிவந்திருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரரும் சில்லறை மாற்ற வந்து அங்கேதான் நின்றிருந்தார். சின்னவர் எச்சிலை விழுங்கிக்கொண்டார். ஒத்திகை பார்த்ததில் பாதி எச்சிலோடு போய்விட்டது.

"வாயில்லாததை வச்சுக்கிட்டு இந்தக் கடையில இனிமே காலந்தள்ள முடியாதுண்ணே. என் பாதிக்கு ஒரு வழி சொல்லிடுங்க."

டிவியில் கார் மோதிய சத்தம் மட்டும் கேட்டது. விற்பனை அதிகாரி அவசரமாக எதையோ தேடுகிற மாதிரி கைப்பேசிக்குள் முகத்தைப் புதைத்தார். ஜெராக்ஸ் கடைக்காரர் சில்லறையை எண்ணாமலே பையில் போட்டுக்கொண்டார். பெரியவர் தம்பியை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

ஆயுளில் வாயே திறக்காத தம்பி, ஊரார் முன்னால் வாயைத் திறந்து, என் பாதி என்று சொன்னால் அதற்கு உலகத்தில் ஒரே அர்த்தம்தான். பிரித்துக் கொடு என்று அர்த்தம். சின்னவருக்கு அது புரிவதற்குள் ஜெராக்ஸ் கடைக்காரருக்குப் புரிந்துவிட்டது. அவருக்குப் புரிந்தால் தெருவுக்கே பிரதி போய்விடும்.

"அண்ணே, நான் அதைச் சொல்லலை" என்று சின்னவர் ஆரம்பித்தார். பெரியவர் கையமர்த்திவிட்டார். "வேணாம்டா. ரொம்ப நாளா மனசுல இருந்ததுதான் இன்னைக்கு வந்திருக்கு. நான்தான் கேக்காம இருந்துட்டேன். தப்பு என்னுது" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. தழுதழுத்துச் சொன்னார்.

வீட்டில் அன்று சின்னவருக்கு ராஜ மரியாதை. "இத்தனை வருஷத்துல ஒரே ஒரு வார்த்தை பேசினாலும் நறுக்குனு பேசிட்டீங்க" என்று மனைவி பூரித்துப்போனாள். அவளுக்கும் அவள் ஓரகத்திக்கும் இடையில் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருந்த பனிப்போரில் இது பெரிய வெற்றி. தான் சொன்னது அதுவல்ல என்று சின்னவர் விளக்கினார். அதை யாரிடமும் சொல்லித் தொலைக்காதீர்கள், கிடைத்த மரியாதை போய்விடும் என்றாள் அந்த அம்மாள்.

மறுநாள் இன்னொரு முறை அண்ணனிடம் சொல்லப் போனார். பெரியவர் அதற்குள் டேப்பை வைத்துக் கடையை அளந்துகொண்டிருந்தார், ஜெராக்ஸ் கடைக்காரர் மறுமுனையைப் பிடித்திருந்தார். அந்தக் கோலத்தைப் பார்த்ததும் வந்த வார்த்தை திரும்பிப் போய்விட்டது.

பிரிவினைப் பேச்சு பெரியவர் வீட்டுக் கூடத்தில் நடந்தது. சாட்சிக்கு ஜெராக்ஸ் கடைக்காரர். பெரியவர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். முன்பாதி தம்பிக்கு. டீலர் உரிமை, புதுப் பெட்டிகள், குளிர்சாதனம், கண்ணாடி அலமாரி, டிவி எல்லாம் அவனுக்கே. பின்பாதியும் அதில் கிடக்கிற பழசும் தனக்குப் போதும். சந்துப் பக்கம் ஒரு கதவு இருக்கிறது, அதன் வழியாகத் தன் வியாபாரத்தைப் பார்த்துக்கொள்வேன், நடுவில் ப்ளைவுட் அடித்துவிடலாம்.

சின்னவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அண்ணே, பழசை நான் வச்சுக்கிறேன். முன்பாதி உங்களுதாவே இருக்கட்டும்" என்றார். இதில் துளி தியாகம் கிடையாது. பழசில்தான் காசு இருக்கிறது, பழசுதான் அவருக்குத் தெரிந்த தொழில். ஆனால் பெரியவர் கண்கள் கலங்கிவிட்டன. "பாத்தீங்களா, பிரிஞ்சு போறப்பகூட விட்டுக்கொடுக்கிறான்" என்று ஜெராக்ஸ் கடைக்காரரைப் பார்த்துச் சொன்னார். சின்னவர் பிடிவாதமாக மறுபடி கேட்டார். கேட்கக் கேட்க அவருடைய பெருந்தன்மை ஏறிக்கொண்டே போனது. ஜெராக்ஸ் கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இப்படியொரு தம்பியை நான் பார்த்ததில்லை என்று அவர் பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். நாலாவது தடவை கேட்டால் தனக்கே சிலை வைத்துவிடுவார்கள் போலிருக்கிறதே என்று சின்னவர் நிறுத்திக்கொண்டார்.

ப்ளைவுட் அடித்தார்கள். சின்னவர் முதன்முறையாகக் கல்லாவில் உட்கார்ந்தார். குளிர்சாதனம் நேராக வழுக்கையில் அடித்தது.

உட்கார்ந்து யோசித்தார். பாவம் அண்ணன், மினுக்கையெல்லாம் எனக்குக் கொடுத்துவிட்டுக் குப்பை என்று நினைத்துப் புதையலை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அது நல்லதுதான். மூட்டை தூக்கிய மனிதருக்குக் கடைசிக் காலத்தில் ஒரு புதையல் கிடைக்கட்டுமே. ஆனால் நான் இங்கே விற்கிற ஒவ்வொரு வாயில்லாப் பெட்டியும் அவருக்கு ஒரு வாடிக்கையாளரைக் குறைக்கும். தம்பி கல்லாவில் உட்கார்ந்து அண்ணன் வயிற்றில் அடிப்பதா? ஆகவே ஒரு முடிவுக்கு வந்தார். அதை யாரிடமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மனிதர் பேச ஆரம்பித்தார். அந்தத் தெருவே வாயைப் பிளந்தது. விலை குறைந்த பெட்டியைக் கேட்டு யார் வந்தாலும் உட்காரவைத்து விளக்குவார். இன்றைக்கு மிச்சம் பிடிக்கிற காசு நாளைக்கு ஆட்டத்துக்கு ஆட்டம் போய்விடும், வாய் வைத்ததை வாங்குங்கள், விளையாடி முடித்தால் மாற்றிக்கொள்ளலாம், பின்சந்தில் எங்கள் அண்ணன் கடை இருக்கிறது, நம்பிப் போகலாம். இத்தனையும் உண்மை. ஒரு டீலர் சொல்லக்கூடாத உண்மை.

சிலர் கேட்டுக்கொண்டு, முன்பே இருப்பில் இருந்த வாய் வைத்ததை வாங்கினார்கள். பலர் கையில் இருக்கிற பணத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு, வெள்ளைப் பெட்டி விற்கும் கடையைத் தேடிப் போனார்கள். வாயில்லாப் பெட்டிகள் அலமாரிக்குப் பின்னால் கூரை வரை அடுக்கிக் கிடந்தன. விற்பனை அதிகாரி போன் செய்து, எல்லா ஊரிலும் இது பறக்கிறது, உங்கள் கடையில் மட்டும் ஏன் உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டார். இங்கே காற்று கொஞ்சம் குறைவு சார் என்றார் சின்னவர். வாய் வந்ததும் நக்கலும் கூடவே வந்துவிட்டது.

வீட்டில் ராஜ மரியாதை கரைந்துவிட்டது. மகளின் கடைசி வருடக் கட்டணத்துக்கு மனைவி தன் வளையலைக் கழற்ற வேண்டியதாயிற்று. "பேசத் தெரியாம இருந்தப்பவாவது சோறு இருந்துச்சு. இப்ப பேசிப் பேசி உங்க அண்ணன் கடைக்கு ஆள் பிடிச்சு அனுப்புறீங்க" என்றாள். அந்த அம்மாள் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பிழையில்லை. சின்னவர் பதில் சொல்லவில்லை. பழைய வழக்கம் முழுக்கப் போய்விடுமா என்ன.

ப்ளைவுட்டுக்கு அந்தப் பக்கம் இருந்து பெரியவரின் இருமல் கேட்கும், டிஸ்க்கை ஊதுகிற சத்தம் கேட்கும். பிரிந்ததிலிருந்து அவர் முன்பாதிக்குள் காலடி வைக்கவில்லை. ப்ளைவுட் வழியாக இருமல் வந்தால் பேச்சும் போகும் என்பது சின்னவருக்கு எப்படியோ தோன்றவேயில்லை.

ஒரு மாலை நேரம். வேலை முடிந்து சீருடையோடு ஒரு நர்ஸ் வந்தாள். மகன் தேர்வில் நன்றாக எழுதியிருக்கிறான், கறுப்புப் பெட்டி வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன் என்றாள். விலை குறைந்ததைக் காட்டச் சொன்னாள். சின்னவர் வழக்கம்போல நாற்காலியை இழுத்துப் போட்டு ஆரம்பித்தார். அவள் பொறுமையாகக் கேட்டாள். பிறகு பர்ஸைத் திறந்து பார்த்தாள், மூடினாள். வாய் வைத்ததுக்கு இன்னும் சில மாதம் சேர்க்க வேண்டும், அதுவரை அவன் பொறுப்பான் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். சின்னவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. மனசைக் கல்லாக்கிக்கொண்டு, அதுதான் நல்லது என்றார்.

கதவைத் திறந்துகொண்டு பெரியவர் உள்ளே வந்தார். சந்து வழியாகச் சுற்றி வந்ததில் மூச்சு வாங்கியது. தம்பியைப் பார்க்கவேயில்லை. நேராக அலமாரிக்குப் பின்னால் போய், அடுக்கிலிருந்து வாயில்லாப் பெட்டி ஒன்றை இறக்கி, தூசியைத் தட்டி மேசைமேல் வைத்தார்.

"உள்ள ரெண்டும் ஒண்ணுதாம்மா. இதையே எடுத்துட்டுப் போங்க. பையன் இன்னைக்கே விளையாடட்டும்" என்றார்.

இவர் யார் என்று அவள் சின்னவரைப் பார்த்தாள். என் அண்ணன் என்றார் சின்னவர். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரே கடையில் ஒருத்தர் வேண்டாம் என்கிறார், ஒருத்தர் வாங்கு என்கிறார் என்று சொல்லிக்கொண்டே பணத்தை எடுத்துக் கொடுத்தாள். பெரியவரே பெட்டியைக் கட்டி, பிடித்துக்கொள்ளக் கயிற்றில் ஒரு பிடியும் போட்டுக் கொடுத்து, படி வரைக்கும் போய் அனுப்பிவிட்டு வந்தார்.

சின்னவரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. இத்தனை நாள் தொண்டையில் கிடந்தது, ஒத்திகை எதுவும் இல்லாமல், ஒரு சொல் குறையாமல் வந்தது.

"என்னண்ணே பண்ணிட்டீங்க? அது வாயில்லாதது. அந்தப் பையன் இனிமே உங்க அலமாரிப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுக்கமாட்டான். இதுல ஒண்ணு வித்தா உங்களுக்கு ஒரு ஆள் போச்சு. உங்க பாதி உயிரோட இருக்கணும்னுதான் நான் இதை விக்காம உக்காந்திருக்கேன்."

"தெரியும்டா."

"எது தெரியும்?"

"எல்லாம்தான். அந்த டை கட்டின ஆள் மேடையில விரலை வச்சுத் தடவினான் பாரு, அப்பவே தெரியும். பழைய டிஸ்க் வியாபாரம் முடிஞ்சுதுன்னு."

"அப்புறம் ஏண்ணே அவ்வளவு பலமாக் கை தட்டுனீங்க?"

"அத்தனை பேர் நடுவுல உக்காந்து அழவா முடியும்?"

பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் டிவியில் ஓடிய காரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, பழசு இன்னும் சில வருஷம் ஓடும், அப்புறம் தானாக நின்றுவிடும் என்று, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதைப்போல் சொன்னார். தன் ஒரே பையன் வேலைக்குப் போய்விட்டான், தனக்கு அந்தச் சில வருஷமே தாராளம். தம்பிக்கு இரண்டு பிள்ளைகள், இன்னும் படித்து முடிக்கவில்லை. முன்பாதியில் ஒரு பெட்டிக்கு டீச்செலவுதான் நிற்கும், ஆனால் இந்த விலைக்குப் பெட்டிகள் பறக்கும், இனி ஓடப்போவது அதுதான். "சாகப்போற பாதியை உன் தலையில கட்டிட்டு நான் முன்னாடி உக்காந்திருப்பேன்னு நினைச்சியாடா? அதனாலதான் நீ பிரிச்சுக் குடுன்னு கேட்டதும் பழசை நான் எடுத்துக்கிட்டேன்."

சின்னவர் கல்லாவைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பிரிச்சுக் குடுன்னு கேக்கவே இல்லண்ணே. இந்தப் பெட்டி வேணாம்னு சொல்ல வந்தேன். அவ்வளவுதான்."

பெரியவர் திரும்பிப் பார்த்தார். சொன்னதை மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது. வாயில்லாதது, காலந்தள்ள முடியாது, என் பாதி. பார்வை மெல்ல நகர்ந்து ப்ளைவுட்டில் போய் நின்றது. நல்ல கனமான ப்ளைவுட். தம்பிக்குச் சத்தம் தொந்தரவாக இருக்கக்கூடாது என்று அவரே தேடி வாங்கியது.

சின்னவருக்குக் கண்ணீர் வந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. ப்ளைவுட்டைப் பிரித்துவிடலாம் என்று அவர் சொன்னார். பெரியவர் வேண்டாம் என்று தலையசைத்தார். பிரித்தால் மறுபடி இரண்டும் ஒரே கணக்கில் போய்விடும், நின்றுபோகிற பாதி ஓடுகிற பாதியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும், அது அப்படியே இருக்கட்டும் என்றார். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழுந்து, சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு தன் பக்கத்துக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து ப்ளைவுட்டுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"அடுத்த ஆள் வந்தா என்ன சொல்லுவே?"

"விலை குறைஞ்சதையே வாங்குங்கன்னு சொல்லுவேண்ணே."

"சத்தமாச் சொல்லு. எனக்குக் கேக்கணும்."

அடுத்து வந்தவர் வெறும் கன்ட்ரோலர் ஒயர் கேட்டுத்தான் வந்தார். அவரிடம் சின்னவர் வாயில்லாப் பெட்டியை, தெருவே கேட்கிற சத்தத்தில் விற்றார்.